காரில் பேஸ்: சப்வூஃபரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

காரை ஓரமாக நிறுத்தி, உங்களுக்கு மனப்பாடமான, பேஸ் நன்றாக விழும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். சப்வூஃபர் (அடி பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒலியை முன்-பின் ஸ்பீக்கர்களுக்குப் பகிரும் ஃபேடரை முன்பக்கம் தள்ளி, இடம்-வலமாகப் பகிரும் பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் கொண்டுபோய்க் கேளுங்கள். பிறகு மெல்ல நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு கதவு ஸ்பீக்கரும் சேரும்போது பேஸ் கூட வேண்டும். நடுவுக்கு வந்ததும் அது இளைத்துப்போனால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் ப்ளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கின்றன.

50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதோடு ஒப்பிட்டால் இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்றுமே இல்லை. ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) காற்றைத் தள்ளும் அதே நொடியில் மற்றது இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். மேல் ஸ்தாயி அவ்வளவாகப் பாதிக்கப்படாது என்பதால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. சரிபார்க்க 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று போதும். ஸ்பீக்கரின் ப்ளஸ் முனையில் பேட்டரியின் ப்ளஸ்ஸை ஒரு கணம் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். டாஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோவான ஹெட் யூனிட்டின் பின்னால் உள்ள வயர்களைப் பிரித்து அங்கிருந்தே தொட்டுப் பார்த்தால் வழியில் நடந்த தவறும் தெரிந்துவிடும். மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

பேலன்ஸைத் திருப்பிக் கேட்கும் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, செலவும் இல்லை. காரில் பேஸ் குறைகிறதென்றால் பெரும்பாலும் அது எங்கோ வீணாகிக்கொண்டிருக்கிறது. வீணாகும் இடங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனால், பலருக்கு ஏற்கெனவே இருக்கும் சப்வூஃபரே போதும்.

கதவுதான் பெட்டி

வீட்டு ஸ்பீக்கர் மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கார் ஸ்பீக்கருக்குக் கதவே பெட்டி. டோர் பேடைக் கழற்றினால் உள்தகட்டில் கை தாராளமாக நுழையும் திறப்புகள் இரண்டு மூன்று இருக்கும், அவற்றின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாள் தண்ணீரைத் தடுக்கும், காற்றழுத்தத்தைத் தடுக்காது. கோனின் பின்பக்கத்துக் காற்று அந்தத் திறப்புகள் வழியாக வந்து முன்பக்கத்துக் காற்றோடு கலக்கிறது. மேலே சொன்ன அதே கதை, இம்முறை ஒரே ஸ்பீக்கருக்குள்.

பேடைக் கழற்றும்போது மஞ்சள் நிறக் கனெக்டர் எதுவும் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள், அது ஏர்பேகுக்கானது. சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். அப்படிப்பட்ட கதவில் காற்றோட்டத்தை மாற்றினால் சென்சாரின் கணக்கும் மாறக்கூடும். காரின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் அங்கே எதையும் அடைக்கக் கூடாது.

வெளித்தகட்டில் தொடங்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்துவிட்டு, அலுமினியத் தாள் பூசிய 2 மி.மீ. பியூட்டில் ஷீட்டை ஒட்டுங்கள். தகட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும், நடுப்பகுதிகளுக்கு முன்னுரிமை. முழுக்கப் போர்த்தினால் கதவின் எடைதான் ஏறும். ஒட்டிய பிறகு சிறு உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஷீட்டின் மேலுள்ள புடைப்புக் கோலம் மறைந்து வழவழப்பாகும்போதுதான் அது தகட்டோடு ஒன்றியிருக்கிறது. வெறும் கையால் அழுத்திவிட்டு மூடினால் நாளடைவில் ஓரம் பெயரும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்: முன்பு 'டொங்' என்று நீண்ட சத்தம் இப்போது 'டொக்' என்று நின்றுவிடும். தார் கலந்த மலிவு ஷீட்டுகளை வாங்கவே வாங்காதீர்கள். வெயிலில் நிற்கும் கதவின் சூட்டுக்கு அவை இளகி வழியும், வாடையும் அடிக்கும்.

அடுத்து உள்தகட்டின் திறப்புகள். பியூட்டில் ஷீட்டை அப்படியே திறப்பின் குறுக்கே இழுத்து ஒட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். பேஸ் அடிக்கும்போது அது பறைத்தோல்போல் அதிரும், சூட்டில் தொங்கும். 1 மி.மீ. அலுமினியத் தகட்டைத் திறப்பைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. பெரிதாக வெட்டி, திருகால் பிடித்து, அதன்மேல் பியூட்டில் ஒட்டுவதே நிற்கும் வேலை. கண்ணாடி மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டி வந்தாலும் தகட்டைக் கழற்றிவிடலாம். கதவின் அடியிலுள்ள தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பேடைப் பூட்டும் முன் கண்ணாடியை முழுக்க ஏற்றி இறக்கி, பூட்டையும் போட்டுத் திறந்து பாருங்கள்.

ஸ்பீக்கரைத் தாங்கும் வளையம் எம்.டி.எஃப். மரமாக இருந்தால் கதவுக்குள் வரும் ஈரத்தில் ஊறிப் பொரிந்துவிடும். பிளாஸ்டிக் வளையம் நல்லது. வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் டேப், ஸ்பீக்கரின் முன்விளிம்புக்கும் டோர் பேடுக்கும் நடுவே ஒரு ஃபோம் வளையம். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கோன் தள்ளும் காற்றில் ஒரு பங்கு பேடுக்குப் பின்னால் போய் கிளிப்புகளைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கும்.

கதவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆறரை அங்குல ஸ்பீக்கரிடம் 30 ஹெர்ட்ஸைக் கேட்க முடியாது. அதே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே (பாதி அதிர்வெண்ணில்) தர, கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். அதனால் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் ஃபில்ட்டர்) போடுங்கள். அடியிலுள்ள சுமை போனதும் அவை தெளிவாக, இன்னும் சத்தமாகப் பாடும். ஹெட் யூனிட்டின் பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 14.4 வோல்ட்டிலிருந்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாத ஒலியாகப் போகக்கூடியது கணக்குப்படியே 26 வாட்ஸ்தான், நடைமுறையில் 20 வாட்ஸை ஒட்டி நிற்கும்.

சப்வூஃபரின் பெட்டி

12 அங்குல சப்வூஃபரின் கோன் பரப்பு ஏறக்குறைய 490 சதுர செ.மீ., ஆறரை அங்குலத்துக்கு 130-ஐ ஒட்டி வரும். அதாவது கிட்டத்தட்ட நான்கு கதவு ஸ்பீக்கர்கள் ஒன்றாகச் சேர்ந்த பரப்பு. அந்தக் கோனை யார் கட்டுப்படுத்துவது? ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பாதி, பெட்டிக்குள் அடைபட்ட காற்று பாதி. பெட்டியின் கொள்ளளவு தவறினால் எவ்வளவு நல்ல சப்பும் வீண்தான்.

மூடிய பெட்டியா, போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்ததா? என் தேர்வு, பெரும்பாலான கார்களுக்கு, மூடியது. மூடிய பெட்டியின் ஒலி அடியில் ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் சரியும். காரின் உட்புறம் சின்ன அறை. அதன் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு அலைநீளம் வரும் இடத்துக்குக் கீழே, கேபினே அழுத்தத்தை ஏற்றிக்கொடுக்கும். 2.7 மீட்டர் நீளமுள்ள கேபினுக்கு அது 63 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கும். கசிவே இல்லாத கேபினில் அந்த ஏற்றமும் ஆக்டேவுக்கு 12 டெசிபல்தான். கதவும் கண்ணாடியும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் நிஜத்தில் குறைவாகக் கிடைக்கும். ஒன்றின் சரிவை மற்றதன் ஏற்றம் தாங்கிப்பிடிக்க, 30 ஹெர்ட்ஸ் வரை பேஸ் சமனாக இறங்கும். பீட் விழுந்ததும் சப் சட்டென்று நிற்கும். போர்ட் பெட்டி அதே வாட்ஸுக்கு அதிகச் சத்தம் தரும், ஆனால் போர்ட் ஒத்ததிரும் அதிர்வெண்ணான ட்யூனிங்குக்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் விழுந்துவிடும், இடத்தையும் ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும்.

1961-இல் நெவில் தீல் எழுதிய ஆய்வும், பத்தாண்டுக்குப் பிறகு ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதியவையும்தான் இன்றுவரை பெட்டிக் கணக்குக்கு அடிப்படை. சப்போடு வரும் தாளில் உள்ள எஃப்.எஸ். (சப் தானாக ஒத்ததிரும் அதிர்வெண்), க்யூ.டி.எஸ். (கோனின் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற அளவு), வி.ஏ.எஸ். (கோனைத் தாங்கும் பிடிப்பின் இறுக்கத்துக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) எண்கள் அங்கிருந்து வந்தவை. க்யூ.டி.எஸ். 0.4-க்கு மேல் என்றால் மூடிய பெட்டி, அதற்குக் கீழ் என்றால் போர்ட்டும் ஒத்துவரும் என்பது நல்ல தோராயம். தாளிலேயே லிட்டர் கணக்கு கொடுத்திருந்தால் அதற்கே மதிப்புக் கொடுங்கள்.

தவறு நடப்பது அளவெடுக்கும் இடத்தில். 12 அங்குல சப்புக்கு 30 லிட்டர் மூடிய பெட்டி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளி அளவு 46 × 36 × 28 செ.மீ. பெட்டியைப் பெருக்கினால் 46 லிட்டர் வருகிறது, பெரிதாக இருக்கிறதே என்று குறைத்துவிடத் தோன்றும். 18 மி.மீ. பலகையை ஒவ்வொரு பக்கமும் கழித்தால் உள் அளவு 42.4 × 32.4 × 24.4, அதாவது 33.5 லிட்டர். சப்பின் காந்தமும் கூடையும் இரண்டரை முதல் மூன்று லிட்டர் இடத்தைப் பிடிக்கும். மீதி 30.5-இலிருந்து 31. சரியான பெட்டி இதுதான். பலகையின் தடிமனை மறந்து வெளி அளவையே 30 லிட்டராகக் கட்டியிருந்தால் உள்ளே 20 லிட்டர் தேறுவதே கடினம். அப்படிப்பட்ட பெட்டியில் 50, 60 ஹெர்ட்ஸில் ஒரு முட்டு முட்டும், அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே சின்னப் பெட்டி உங்களிடம் இருந்தால், தலையணைக்குள் வரும் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள். சப்புக்கு அது பத்துப் பதினைந்து சதவீதம் பெரிய பெட்டியாகத் தெரியும். போர்ட் பெட்டிக்கு இந்த வைத்தியம் ஆகாது.

போர்ட்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: நிகரமாக 50 லிட்டர், 10 செ.மீ. உள்விட்டம் கொண்ட ஒரு குழாய், நீளம் 33 செ.மீ. என்றால் ட்யூனிங் 34 ஹெர்ட்ஸில் விழும். அதிக வாட்ஸில் இந்தக் குழாய் 'புஸ் புஸ்' என்று மூச்சுவிடும். சரி, இரண்டு குழாய் வைப்போம் என்றால் அதே ட்யூனிங்குக்கு ஒவ்வொன்றும் 74 செ.மீ. நீளம் வேண்டும், பெட்டிக்குள் அடங்காது. பெரிய வாட்ஸ் பெட்டிகளில் சுவரோரமாக மடங்கிப்போகும் நீள்சதுரப் போர்ட்டைப் பார்ப்பது இதனால்தான். ஆம்ப்பில், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சோனிக் ஃபில்ட்டரை 28, 30 ஹெர்ட்ஸில் கட்டாயம் போடுங்கள். ட்யூனிங்குக்குக் கீழே கோனைப் பிடிக்கக் காற்று இல்லை, துள்ளி அடித்து, அதைத் தாங்கும் சஸ்பென்ஷன் கிழியும்.

பலகை 18 மி.மீ. எம்.டி.எஃப்., முன்முகம் இரட்டைப் பலகை. மரப்பசையும் திருகும் சேர்ந்தே வேண்டும், திருகுக்கு முன்பே துளையிட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு பிளக்கும். உள் மூலைகளில் சிலிகான் ஓட்டிய பின் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துக் காய விடுங்கள். காயும்போது வரும் ஆவி சப்பின் ஒட்டுகளைக் கெடுக்கக்கூடும். பூட்டியதும் கோனை இரு கைகளாலும் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி காற்றுப் புகாதது. சட்டென்று திரும்பினால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் வயர் டெர்மினல் இருக்கும் துளையில். கடைசியாக, பெட்டியைக் காரின் உடலோடு பெல்ட்டால் இழுத்துக் கட்டுங்கள். 20 கிலோ பெட்டி, சடன் பிரேக்கில் பின் இருக்கையை நோக்கித்தான் வரும்.

கரண்ட்

500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சராசரி) தரும் கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்ப் 80 சதவீதத் திறனோடு வேலை செய்தால், 13.8 வோல்ட்டில் 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று கொள்ளுங்கள். 4 கேஜ் (கேஜ் எண் குறையக் குறையக் கேபிள் தடிக்கும்) சுத்தச் செம்புக் கேபிளில் வழியில் இழப்பது 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. மலிவான கிட்டுகளில் வரும் 8 கேஜ், செம்பு பூசிய அலுமினியக் கேபிளில் இழப்பு முக்கால் வோல்ட்டை நெருங்கும், எர்த் (காரின் உடலோடு இணையும் மைனஸ் வயர்) இழப்பு தனி. ஆம்ப்புக்கு 14.4-க்குப் பதில் 12 வோல்ட் போய்ச் சேர்ந்தால் வெளிவரும் வாட்ஸில் கிட்டத்தட்ட 30 சதவீதம் காணாமல் போகும். கேபிளின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், செம்புநிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே அலுமினியம்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், மேலே சொன்ன ஆம்ப்புக்கு 60 ஆம்பியர். இந்த ஃபியூஸ் காப்பது கேபிளை. இன்ஜின் பக்கத்துத் தகட்டில் கேபிள் உராய்ந்து தோல் கிழிந்தால், ஃபியூஸ் இல்லாத கார் தீப்பிடிக்கும். தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் கேபிளை நுழைக்கவே கூடாது.

எர்த் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நீளம் அரை மீட்டருக்குள், தடிமன் ப்ளஸ் கேபிளுக்குச் சமம். இடத்தைத் தேர்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள். முதலில் பெயின்ட் போகும், பிறகு சாம்பல் நிற பிரைமர் தெரியும், பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதுவும் போய்த் தகடு வெள்ளியாய் மின்னும் வரை தேய்க்க வேண்டும். ரிங் டெர்மினலை வைத்து, பல் வாஷர் போட்டு, போல்ட்டை இறுக்கி, மேலே துருத் தடுப்புப் பூச்சு. சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சரியாக அமைந்ததா என்று பார்க்க, பேஸ் ஓடும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்ப்பின் எர்த்திலும் மறு முனையை நீண்ட வயர் மூலம் பேட்டரி மைனஸிலும் தொடுங்கள். 0.1 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது, 0.3 தாண்டினால் மறுபடி தேய்க்க வேண்டும். ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளைப் பவர் கேபிளுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோங்கள்.

இரட்டைக் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) உள்ள சப் வாங்குமுன் ஆம்ப் தாங்கும் குறைந்தபட்ச ஓமைப் பாருங்கள். 4 ஓம் காயில் இரண்டைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரியஸில் 8. 2 ஓம் காயில் இரண்டென்றால் 1 அல்லது 4. 2 ஓம் வரை தாங்கும் ஆம்ப்பை 1 ஓமில் இணைத்தால் அடிக்கடி தானாக அணைந்து புரொடெக்‌ஷனுக்குப் போகும், இல்லாவிட்டால் எரியும்.

கெயின், கிராஸ்ஓவர், ஃபேஸ்

கெயினை (வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அமைப்பு) மல்டிமீட்டர் வைத்து அமையுங்கள். வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் வரும்: 500 வாட்ஸ், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். சப்பின் வயரை ஆம்ப்பிலிருந்து கழற்றி, ஈக்வலைசரை நேராக்கி, லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாம் அணைத்து, லோ-பாஸை (குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ள ஒலியைத் தடுக்கும் ஃபில்ட்டர்) முழுக்கத் திறந்து, கெயினைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். இன்ஜின் ஓடட்டும். 0 டெசிபல் அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஹெட் யூனிட்டில் முக்கால் வால்யூமில் போட்டு, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டைப் பார்த்தபடி கெயினை ஏற்றி, 31.6-இல் நிறுத்துங்கள். 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: சாதாரண மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணில் அளக்கவே செய்யப்பட்டவை, அங்கேதான் சரியாகக் காட்டும்.

பேஸ் பூஸ்ட் குமிழை அதன்பின் தொடவே வேண்டாம். 12 டெசிபல் பூஸ்ட் என்றால் 16 மடங்கு வாட்ஸ். ஆம்ப்பிடம் அது இல்லை, அலையின் தலையை வெட்டித் தட்டையாக்கித்தான் தரும். வெட்டுப்பட்ட அலை காயிலைச் சூடாக்கும். அரக்கு கருகும் வாடை வந்துவிட்டால் சப்பின் ஆயுள் முடியப்போகிறது.

கிராஸ்ஓவரில், அதாவது ஒலியைச் சப்புக்கும் கதவுக்கும் பிரிக்கும் இடத்தில், சப்புக்கு லோ-பாஸ் 80 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 24 டெசிபல். ஹெட் யூனிட்டிலும் ஆம்ப்பிலும் ஒரே நேரத்தில் லோ-பாஸ் போட்டால் சரிவு இரட்டிப்பாகி ஃபேஸும் (அலைகள் சேரும் ஒத்திசைவு) புரளும், ஏதாவது ஒன்றில் மட்டும் வையுங்கள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து 80 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, இன்னொருவரை டிக்கியில் ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுதான் சரி. டைம் அலைன்மென்ட் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித் தாமதம் வைக்கும் வசதி) இருந்தால் இன்னும் நுணுக்கமாகப் போகலாம். சப் காதிலிருந்து 240 செ.மீ., பக்கத்துக் கதவு ஸ்பீக்கர் 90 செ.மீ. என்றால் வித்தியாசம் 150. ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34.3 செ.மீ. போகிறது. எனவே அந்தக் கதவு ஸ்பீக்கரை 4.4 மில்லிசெகண்ட் தாமதப்படுத்துங்கள். பேஸ் டிக்கியிலிருந்து எழுந்து வந்து டாஷ்போர்டில் உட்காரும். காதால் கேட்டு வியக்க வேண்டிய விஷயம் இது.

கம்பெனி ஹெட் யூனிட்டையே வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல கார்களில், கதவு ஸ்பீக்கர் கிழியாமலிருக்க, வால்யூம் ஏற ஏற பேஸை அதுவே குறைத்துவிடும். குறைந்த வால்யூமில் நிறைந்திருந்த பேஸ் ஏற்றும்போது பின்தங்கினால் இதைச் சந்தேகியுங்கள். சிக்னலை எடுத்து, குறைந்த பேஸை ஈடுசெய்யும் வசதியுள்ள லைன் அவுட்புட் கன்வர்ட்டரோ (ஸ்பீக்கர் வயரின் சிக்னலை ஆம்ப்புக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) டி.எஸ்.பி.யோ (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) இல்லாமல் இதற்கு வழியில்லை.

ஈக்வலைசரில் ஏற்றுவதைவிட இறக்குவதே பயன் தரும். குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தில் மட்டும் கார் 'கும்' என்று வீங்கினால், பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் நடுவே, அந்த இடத்தில் மூன்று நான்கு டெசிபல் வெட்டுங்கள். பள்ளமாக இருக்கும் இடத்தை ஏற்றி நிரப்ப முடியாது, அங்கே அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சப்பைப் பின்கதவை நோக்கி வைப்பது, முன்னோக்கி வைப்பது, மேல்நோக்கி வைப்பது, மூன்றும் மூன்று விதமாகக் கேட்கும்.

எல்லாம் முடிந்ததும் அதிர்வு வேட்டை. 20-இலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனைப் போட்டு, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருந்து, தடதடக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். சத்தம் நின்றால் அதுதான் இடம். பின்கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டு, டிக்கி மூடியின் பூட்டுக் கம்பி, ஸ்டெப்னிக்குள் கிடக்கும் ஜாக்கி, ஸ்பேனர், மூன்றாவது பிரேக் விளக்கின் உறை எல்லாம் வரிசையாக மாட்டும். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசுமிடத்தில் துணி டேப், தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே 3 மி.மீ. ஃபோம் டேப். வெளியே நிற்பவர் நம்பர் பிளேட்டையும் தொட்டுப் பார்க்கட்டும், இரண்டு திருகில் மட்டும் தொங்கும் பிளேட்டின் பின்னால் நான்கு மூலையிலும் ஒரு துண்டு ஃபோம் வேண்டியிருக்கும்.